ஏனாதிநாதர் வாள் விடாது நின்ற நிலை

திருத்தொண்டர் புராணத்துள் இலைமலிந்த சருக்கத்தில் இரண்டாவதாக நிற்பது ஏனாதிநாத நாயனார் புராணம். 42 பாடல்களான் இயன்றது, அளவிற் சிறியது. எறிபத்தர் புராணத்திற்கும் கண்ணப்பர் புராணத்திற்கும் இடையே அமைந்தமையின், அவ்விரண்டின் பேரொளியில் இதன் தனியொளி பலர் கண்ணுக்குப் புலனாகாது போகின்றது. புரட்டாசி உத்திராடத்தன்று குருபூசை நிகழ்த்துங்கால், "நாயனார் பகைவன் நெற்றியில் திருநீறு கண்டார், வாளை எறிந்தார், பகைவன் வெட்டினான், இறைவன் காட்சி தந்தான்" என நான்கு தொடர்களில் வரலாற்றை முடித்துவிடும் சொற்பொழிவாளர் உளர். இந்நான்கனுள் இரண்டாவது சேக்கிழார் வாக்கன்று. வாளையும் பலகையையும் நீக்கக் கருதிய நாயனார் அங்ஙனம் நீக்காது நின்றார் என்பதே புராணம். எறிந்தார் என்பதற்கும் எறியாது நின்றார் என்பதற்கும் உள்ள வேறுபாடு சிறிதெனத் தோன்றும். அதுவே இப்புராணத்தின் உயிர்நிலை என்பது, வாட்கலையின் இயல்பையும் ஆசிரியர் சொல்லமைத்த முறையையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்குப் புலனாம்.

வாள்விஞ்சையும் தாயமும்

சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத் தொகையுள் இந்நாயனாரைப் பெயரளவிற் சுட்டி, அவர்தம் அடியார்க்கும் தாம் ஆட்பட்டமை கூறி வணங்கினார். நம்பியாண்டார் நம்பிகள் திருவந்தாதியில் ஒரு பாட்டால் ஊர், குலம், செயல் என்னும் மூன்றனையும் சுருங்கக் கூறினார். தொகையும் வகையுமாகிய அவ்விரண்டனையும் கொண்டு கி. பி. 12-ஆம் நூற்றாண்டில், அநபாயச் சோழன் காலத்தில், விரி செய்தவர் சேக்கிழார். குடந்தைக்குத் தென்கிழக்கிலுள்ள எயினனூர் நாயனார் தோன்றிய பதி. அஃது இக்காலத்து ஏனநல்லூர் என வழங்கும். ஈழக்குலச் சான்றார் மரபில் வந்த அவர்க்கு மன்னர்களுக்கு வாள் பயிற்றும் ஆசிரியத் தொழில் உரியதாயிற்று. அத்தொழிலால் வந்த வளமெல்லாம் சிவனடியார்க்கே ஆக்கினார்.

ஏனாதி என்பது படைத்தலைமை பூண்டார்க்கு வேந்தர் வழங்கிய பட்டப்பெயர். சங்கத்துச் சான்றோராலும் இப்பெயர் எடுத்தாளப்பட்டது. புறநானூற்று 167-ஆம் பாட்டுக்குரிய ஏனாதி திருக்கிள்ளி வாள்வடு நிறைந்த மெய்யினன். புகழ் கேட்பார் செவிக்கு இனியன், காண்பார் கண்ணுக்கு இன்னாதவன் என்பது அப்பாட்டின் கருத்து. புறங்காட்டி ஓடிய பகைவரோ வடுவின்மையாற் கண்ணுக்கு இனியராயும் செவிக்கு இன்னாராயும் இருந்தனர். கண்ணுக்குத் தோன்றும் மேனி ஒன்றாகவும் உள்ளீடு வேறாகவும் இருத்தல் வாட்போர் பற்றிய அப்பழைய பாட்டிலேயே பொருளாயிற்று. ஏனாதிநாதர் புராணம் முழுதும் அப்பொருளையே வேறொரு தளத்தில் விரிப்பது.

பண்டைத் தமிழிலக்கணத்துள் வாள் பெற்ற இடமும் பெரிது. தொல்காப்பியப் புறத்திணையியல் வாளையும் குடையையும் நாட்கொள்ளுதலை உழிஞையுள்ளும், வாள்மங்கலத்தைப் பாடாணுள்ளும் வைத்தது. எனினும் இவையெல்லாம் வாளேந்திய மறவரையும் வாளையும் சிறப்பிப்பன. வாளைக் கற்பிக்கும் ஆசிரியரை நாயகராகக் கொண்டு, அவர் கற்பித்தலை ஒரு விஞ்சையாக மதித்துப் பாடியது சேக்கிழார் செய்த சிறப்பு. விஞ்சையாவது வித்தை, கைவலிமை மட்டும் அன்று, முறைப்படக் கற்றறிவது.

அதிசூரன் நாயனார்க்குத் தாயத்தான். வாள் பயிற்றும் உரிமை அக்குடிக்குப் பொதுவாயிருந்தது. தன்னிற் சிறந்தார் இலர் எனத் தன்னைத்தான் மிக மதித்த அவனிடத்து மாணாக்கர் குறைந்தனர், வருவாய் குறைந்தது, நாயனாரிடத்து அவை பெருகின. கதிரவன் எழுங்கால் ஒளி மழுங்கும் மதியோடு ஆசிரியர் அவனை உவமித்தார். மண்ணாசையாலோ பெண்ணாசையாலோ எழுந்த பகையன்று இது. ஒரு கலையைக் கற்பிப்பார் இருவருள் ஒருவர்க்கு எழுந்த அழுக்காறு. கற்றாரிடத்துத் தோன்றும் இக்குற்றத்தை உவமையால் மூடாது, வருவாய்க் குறைவு என்னும் காரணத்தை வெளிப்படக் கூறிய நேர்மை போற்றற்பாலது.

பிறநாட்டு வாட்கலை

ஒரு கலையின் நுட்பம் பிறநாட்டு நூல்களோடு ஒப்பநோக்கியவழி மேலும் தெளிவுறும். ஐரோப்பாவில் இன்று கிடைக்கும் வாட்பயிற்சி நூல்களுட் பழையது கி. பி. 1300-ஐ ஒட்டிச் செருமானிய நாட்டில் இலத்தீன் மொழியில் எழுதப்பட்ட ஓர் ஓவியச் சுவடி. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து அரச படைக்கலக் காட்சிச்சாலையில் உள்ளது. அதில் கற்பிப்பவர் ஒரு குருமார். கற்பவர் ஒரு மாணாக்கர். இருவர் கையிலும் வாளும் சிறு பலகையும் உள. ஏழு காவல் நிலைகளை வகுத்து, ஒவ்வொன்றினின்றும் எழும் தாக்குதலையும் அதற்கு மாற்றையும் அந்நூல் காட்டும். வெட்டுதற்கு முன்னர் நிற்கும் நிலையே கலையின் தொடக்கம் என்பது அதன் முறை.

ஸ்பெயின் நாட்டில் கரான்சா என்பார் 1582-இல் வெளியிட்ட நூலும், அவர்வழி நின்ற நார்வாயெஸ் என்பார் 1600-இல் வெளியிட்ட நூலும் வாட்போரைக் கணித நூற்பொருளாக்கின. எதிர்நிற்கும் இருவரையும் உட்படுத்து நிலத்தில் ஒரு வட்டம் கருதி, அதன்மேலும் அதற்குக் குறுக்காகவும் அடிபெயர்க்கும் முறையை அவை வகுத்தன. நேர்க்கோட்டிற் பாய்வானுக்கு வட்டத்தில் ஒதுங்குவான் அகப்படான் என்பது அம்முறையின் கருத்து.

தொழிற்பகையும் அங்கு உண்டு. இலண்டன் நகரில் இத்தாலிய வாளாசிரியர் செல்வாக்குப் பெற்றபொழுது, ஜார்ஜ் சில்வர் என்னும் ஆங்கிலேயர் அவர்களைப் பலர் காண மேடைமேற் பொருதற்கு அழைத்தார், அவர்கள் வந்திலர். 1599-இல் வெளியிட்ட தம் நூலில் அவர் இதனைக் குறித்து, அயல்நாட்டு முறையைக் கடிந்துரைத்தார். தாயம் வலியார்க்கே உரியது எனக் கூறி அதிசூரன் நாயனார் கடைவாயிலில் நின்றழைத்ததும் இவ்வகை அழைப்பே. பிற்காலத்துப் பிரான்சு நாட்டு வாட்பயிற்சிக் கூடங்களில் நுனி மழுங்கிய மெல்வாள் கொண்டு பழகுவார், எதிரியின் நுனி தம்மேற் பட்டவுடன் பட்டமையைத் தாமே வாய்விட்டுரைப்பதைப் பண்பாகப் போற்றினர். கலையின் அறம் அவ்வொப்புதலில் உள்ளது. அதிசூரன் பட்டும் பட்டேன் என்னாதவன்.

யப்பான் நாட்டில் தோக்குகாவா மரபினரான ஆட்சித் தலைவர்க்கு வாள் பயிற்றிய யாகியூ முனெனோரி 1632-இல் ஒரு நூல் இயற்றினார். கொல்லும் வாள் என்றும் உயிர்ப்பிக்கும் வாள் என்றும் அவர் பிரித்துரைப்பர். தீயவன் ஒருவனைக் கொல்லுதலாற் பல்லாயிரவர் வாழ்வாராயின் கொன்ற வாளே உயிர்ப்பிக்கும் வாளாம் என்பது அவர் கருத்து. ஆள்வார்க்கு ஆசிரியராயிருந்தமையின் அவர் ஏனாதிநாதரோடு ஒப்பர். கருத்தால் ஒவ்வார் என்பது பின்னர்ப் புலப்படும்.

முதனாட் போர்

அதிசூரன் சுற்றத்தாரையும் போர்மள்ளரையும் கூட்டி நாயனார் கடைவாயிலில் வந்து நின்றதைப் புலி கிடக்கும் முழையின்முன் குறுநரி நின்றதாக ஆசிரியர் உவமித்தார். வாள் பிடித்த நீள்கைகள் அறுந்து துடித்தலும், கழலணிந்த தாள்கள் இறுதலும், மாலையணிந்த தலைகள் வீழ்தலும் போர்க்களப் பாட்டில் அடுக்கி வருகின்றன. நாயனாரின் அருளுடைமையை உரைக்கப் புகுந்த ஆசிரியர் இவ்வளவு கொடிய களத்தை ஏன் விரித்தார் என ஐயுறுவார் உளர். விரித்தமை காரணம் பற்றியது. மறுநாள் கொல்லாது நின்றவர் கொல்ல மாட்டாமையால் நின்றவர் அல்லர் என்பது கற்பார் நெஞ்சிற் பதிய வேண்டும். வன்மையில்லான் பொறுத்தல் பொறை ஆகாது.

அம்முதனாட் போரின் முடிவில் வட்டணை என்னும் கலைச்சொல் வருகின்றது. நாயனார் சுற்றிவரும் வட்டணையில் வாளின் ஒளி மட்டும் தோன்ற, வாளேந்திய வீரர் தோன்றாவகை கலந்து அதிசூரனை நெருக்கினர். அவன் உடைந்து புறகிட்டான். வட்டமாக அடிபெயர்த்து வாள் சுழற்றும் முறை வட்டணை. மேலே காட்டிய ஸ்பெயின் நாட்டார் வட்டத்தை நூலில் வரைந்து விளக்குதற்கு நானூறு ஆண்டுகட்கு முன்னரே அக்கருத்தைத் தமிழ்ப் புலவர் ஒரு சொல்லில் அடக்கினார். இரண்டும் ஒன்றினின்று ஒன்று வந்தன அல்ல. வாளும் மனித உடலும் எந்நாட்டிலும் ஒருதன்மையன ஆதலின் கலையும் ஒருவழிப் பட்டது.

இங்கு உற்றுநோக்கற்பாலது ஒன்றுண்டு. முதனாளில் நாயனார் இயங்கினார். இயக்கத்தின் விரைவால் அவர் உருவம் மறைந்தது, வாளொளியே தோன்றிற்று. இரண்டாம் நாளில் அவர் நின்றார். இயக்கமும் நிலையும் என்னும் இவ்விரண்டனைச் சுற்றியே புராணத்தின் பிற்பகுதி அமைகின்றது.

பலகையும் திருநீறும்

தோற்ற அதிசூரன் இரவெல்லாம் துயிலாது சூழ்ந்தான். இருதிறத்தும் சுற்றத்தார் மடிய வேண்டா, இருவர் மட்டும் வேறிடத்திற் பொருவேம் என விடியலில் ஆள்போக்கினான். சொல் நல்லது, கருத்துத் தீயது. நாயனார் சுற்றத்தார்க்கும் உரையாது வாளும் பலகையும் ஏந்தித் தனியே சென்றார். திருநீறணிந்தார்க்கு நாயனார் எவ்விடத்தும் தீங்கு செய்யார் என்பதறிந்த அவன், முன்னர் ஒருநாளும் திருநீறு பயிலாதவன், அன்று நெற்றி நிறையப் பூசினான். புறத்தே வெண்மையும் அகத்தே கருமையும் உடன்கொண்டு வந்தான் என்னும் முரண் ஆசிரியர் அமைத்தது.

பூசிய நீற்றை அவன் தொடக்கத்திற் காட்டவில்லை; நெருங்கும் அளவும் பலகையால் நெற்றியை மறைத்தான். அவன் சூழ்ச்சியின் கூர்மை இங்குள்ளது. தொலைவிலேயே காட்டியிருப்பின் நாயனார் போரொழிந்து வணங்கிச் சென்றிருப்பர். அவன் கருத்து முற்றாது. நாயனார் விடையேறு போல நெருக்கிக் கொல்லுதற்குரிய இடத்தைத் தேர்ந்து அடிபெயர்த்த நொடியில், அவன் ஒருபுடை பெயர்ந்து பலகையைப் புறத்தே போக்கினான். இடந்தேர்தல், அடிபெயர்த்தல், புடைபெயர்தல், பலகை போக்கல் என்னும் நான்கும் வாட்கலைக்கு உறுப்பாகிய செயல்கள். காலமும் இடைவெளியும் அளந்தறிதலே அக்கலையின் உள்ளீடு என்று பிறநாட்டு நூலாரும் கூறுவர். ஒரே பாட்டில் இருவர் செயலையும் ஒரு நொடியுள் அடக்கிக் காட்டியது சேக்கிழார் அக்கலையைக் கேள்வியளவில் அன்றிக் கண்டறிந்தவர் எனக் கருதச் செய்கின்றது. அமைச்சுரிமை பூண்டு அரசன் பக்கலில் இருந்தார்க்கு அஃது அரிதன்று.

பலகை விலகுதல் வாள் புகுதற்கு வாயில். அவ்வாயில் திறந்தபொழுது வாள் புகுந்திலது. திருநீறு நாயனார் கண்ணிற் புகுந்தது. பலகை காவாத இடத்தைத் திருநீறு காத்தது. வஞ்சனையாற் பூசினானையும் அது காத்தது என்பதில் நீற்றின் பெருமையும் அவன் சிறுமையும் ஒருங்கே புலப்படும்.

வாள்வீடு

திருநீறு கண்ட நாயனார், இவர் இறைவன் அடியார் ஆயினார், இனி இவர் கருத்தின்வழி நிற்பேன் எனத் துணிந்தார். துணிந்தவர் முதலில் வாளையும் பலகையையும் நீக்கக் கருதினார். பின்னர், படைக்கலமில்லாரைக் கொன்றார் என்னும் தீமை இவரை அடையலாகாது எனக் கருதி, அவற்றைப் பற்றியவாறே பொருவார் போல நேர்நின்றார்.

நம்பியாண்டார் நம்பிகள் இச்செயலை வாளின் ‘வீடு’ ஒழிந்து நின்றதாகக் குறித்தார். வீடு என்பது விடு என்னும் முதனிலை நீண்ட தொழிற்பெயர். விடுதலாவது கைவிடுதலும் ஆம்; கணை விடுதல், படை விடுதல் என்றாற்போலப் பகைமேற் செலுத்துதலும் ஆம். முன்னது கொள்ளின் வாளைக் கைவிடாது நின்றார் என்றும், பின்னது கொள்ளின் வாளைச் செலுத்தாது நின்றார் என்றும் பொருள்படும். சேக்கிழார் விரித்த வழி நோக்கின் இரண்டும் பொருந்துவனவேயாம். செலுத்துதலும் ஒழிந்தார், கைவிடுதலும் ஒழிந்தார். வகைநூல் ஒரு சொல்லிற் பொதிந்த இருபொருளையும் விரிநூல் ஒரு நிகழ்ச்சியாக்கி நிறுத்திய திறம் வியக்கற்பாலது. வாளை எறிந்தார் எனக் கூறுவார் இவ்விரு நூலையும் ஒருங்கே இழப்பர்.

இந்நிலை கலையறியாதார்க்கு இயலாதது என்பதும் ஓர்தல் வேண்டும். எதிர்நிற்பவன் பழகிய வாளாசிரியன். தளர்ந்த பிடியையும் பொய்யான நிலையையும் அவன் கண் உடனே அறியும். அறிந்தபின் வெட்டுவானாயின் படையிலாரை வெட்டிய பழியே அவனைச் சாரும். ஆதலின் நாயனார் நின்ற நிலை, கொல்லுதல் என்னும் கருத்தொன்று நீங்க, மற்றெல்லாவாற்றானும் குறைவற்ற போர்நிலையாதல் வேண்டும். அவர் வாழ்நாளெல்லாம் பயின்ற கலை அந்நிலையில் நிறைவெய்தியது. மன்னர்க்குக் கற்பித்த பாடங்கள் பலவற்றுள்ளும் இஃது ஒன்று ஒருவர்க்கும் கற்பியாதது.

அடுத்த பாட்டில் அடிதோறும் முதற்சீரில் நிற்றலைக் குறிக்கும் சொல்லே எதுகையாய் நிற்கின்றது. தொண்டர் நின்றமை, பாதகன் முன்னின்றமை, அத்தன்மையை அறிவார் இறைவரே என்பது, அவர் வெளிநின்றமை ஆகிய அனைத்தும் ஒரே சொல்லால் தொடுக்கப்பட்டன. முதனாள் வட்டணையில் மறைந்தவர் இரண்டாம் நாள் நிற்றலால் வெளிப்பட்டார். அவர் நின்ற இடத்தில் மறைந்து நின்ற முதல்வனும் வெளிப்பட்டான். அத்தொண்டர் திருவுள்ளத்தை யாரறிவார் என ஆசிரியர் வினவி நிற்பதும், அதனை அறிந்தவன் ஒருவனே என்பதை உணர்த்துதற்கே.

தடையும் விடையும்

இப்புராணத்தின்மேல் நிகழும் தடைகள் நான்கு.

பொருவார் போல நின்றது பொய்யன்றோ என்பது முதல் தடை. குற்றமற்ற நன்மை பயக்குமாயின் பொய்மையும் வாய்மையிடத்தது என்பது திருவள்ளுவர் துணிபு. அன்றியும், அக்களத்தில் வேடம் பூண்டார் இருவர். அன்பில்லான் ஒருவன் அன்பர் வேடம் பூண்டான். பகையில்லார் ஒருவர் பகைவர் வேடம் பூண்டார். முன்னவன் வேடம் பிறர் உயிரைக் கவர்தற்கு. பின்னவர் வேடம் தம்மைக் கொல்வானைப் பழியினின்று காத்தற்கு. இரண்டனையும் எதிரெதிர் நிறுத்தி, வேடம் என்பது தன்னளவில் நன்றும் அன்று தீதும் அன்று, உள்ளக் கிடையாலேயே வேறுபடும் என உணர்த்தியது இப்புராணம். போலியைக் கண்டிக்கும் நூல்கள் பல; போலிக்கு எதிரே மெய்யன்பையும் ஒரு போலியுருவில் நிறுத்திக் காட்டும் துணிவு அரிது.

வஞ்சகனை அடியாராகக் கொண்டது பேதைமை அன்றோ என்பது இரண்டாவது. சிவஞானபோதப் பன்னிரண்டாம் சூத்திரம் மயக்கம் நீங்கி அன்பு மிக்கவர் வேடத்தையன்றோ அரனெனத் தொழுமாறு கூறிற்று. அதிசூரன் அன்னவன் அல்லனே என மேலும் வினவுவர். விடை சேக்கிழாரின் சொல்லாட்சியிலேயே உளது. அதிசூரனைத் தாம் கூறுமிடமெல்லாம் ஆசிரியர் ஒருமையில் இழித்துக் கூறுவர். நாயனார் கருத்தாகக் கூறுமிடத்து மட்டும் இவர், ஆயினார் என உயர்த்துக் கூறுவர். அக்கருத்து முடிந்தவுடன் பாதகன் என மீண்டும் இழிப்பர். எனவே புராணம் தீமையை நன்மை என மயங்கவில்லை. நாயனார் தொழுதது அவன் நெஞ்சையன்று, அவன் நெற்றியில் விளங்கிய அடையாளத்தை. உள்ளத்தை ஆராய்ந்து அளந்தபின்னரே வேடத்தை வணங்குவேன் என்பானுக்கு வணங்குதற்கு ஒருவரும் கிடையார். அளக்கும் தகுதி அவனுக்கும் இல்லை. முத்தநாதன் செயலில் மெய்ப்பொருள் நாயனார் நின்ற நெறியும் இதுவே. வேற்றுமை ஒன்றுண்டு. மெய்ப்பொருளார் வேடத்தை முன்னரே கண்டு வணங்கியிருந்தார். படைக்கலம் அவர்க்குத் தெரியாது மறைந்திருந்தது. ஏனாதிநாதர்க்கோ படைக்கலம் வெளிப்பட நின்றது, வேடம் மறைந்திருந்தது. அவர் வெல்லும் நிலையில் நின்றே வேடத்தைக் கண்டார். எனவே இவர் துறந்தது உயிரோடு வெற்றியையும்.

தீயோன் வென்றான், நல்லார் மாண்டார், அறம் எங்கே என்பது மூன்றாவது. இதற்கு எளிய விடை கூறி அமைதல் தகாது. நாயனாரை இழந்த மாணாக்கரும், அவர் ஈட்டத்தால் உண்ட அடியாரும் வருந்தியிருப்பர் என்பது மறுக்கலாகாதது. எனினும் அதிசூரன் விரும்பியது தாயம். வெட்டியபின் அவன் யாது பெற்றான் என்பதை ஆசிரியர் ஒரு சொல்லாலும் கூறிலர். தன் கருத்தை முற்றுவித்தான் என்பதோடு அவனைக் கைவிட்டார். காப்பியத்தில் ஒருவனுக்கு இதனினும் பெரிய தோல்வி இல்லை. நாயனார் முயன்றதும் அவனை எல்லாப் பழியினின்றும் நீக்குதற்கன்று. அடியாரைக் கொன்ற பாதகம் அவனையே சார்ந்தது. படையிலாரைக் கொன்றான் என்னும் ஒரு தீமையை மட்டும் தம்மால் விலக்கலாகும், அதனை விலக்கினார். படைக்கலம் இல்லானைக் கொல்லலாகாது என்பது மனுதருமநூல் ஏழாம் அத்தியாயத்தும் கூறப்பட்ட போரறம். தம்மாற் செய்யலாவது சிறிதேயாயினும் சாகுந் தறுவாயிலும் அதனைச் செய்தார் என்பதில் பெருமை உளது.

கொல்லாமையே இப்புராணத்தின் போதனை எனச் சிலர் கூறுவது நான்காவது. இது புகழ்வது போன்று தோன்றினும் தடையேயாம். திருநீறு காணாதிருப்பின் நாயனார் வாள் அவனை இருதுண்டாக்கியிருக்கும். ஆசிரியர் அதனை மறைத்திலர். போர்த்தொழிலை இப்புராணம் பழித்ததும் இல்லை. முனையடுவார் நாயனார் பொருது பெற்ற பொருளால் அடியாரை ஊட்டியதும் இத்தொண்டர் புராணத்துள்ளதே. படைச்செருக்கு என்னும் அதிகாரத்துள், பகைவர்க்கு இடுக்கண் வந்தவழி உதவுதல் பேராண்மைக்குக் கூர்மை என்றார் வள்ளுவர். அதற்குப் பரிமேலழகர், தானை இழந்து தனியனாய் நின்ற இலங்கை வேந்தனை அயோத்தியர் இறை மறுநாள் வருமாறு விடுத்ததை எடுத்துக்காட்டினார். அவ்விராமன் பகைவனுக்கு உயிரளித்தான். தன் உயிரும் வெற்றியும் தன்பாலனவாகவே இருந்தன. ஏனாதிநாதர் அவ்விரண்டனையும் அளித்தும், அளித்தமை பகைவன் அறியாவாறு அளித்தார். யாகியூ முனெனோரி கூறிய உயிர்ப்பிக்கும் வாள் ஒருவனைக் கொன்று பலரை வாழ்விப்பது. அரசியலுக்கு அது பொருந்தும். எயினனூர் ஆசிரியர் வாளோ கொல்வானைக் காத்தற்குக் கையில் நின்றது.

முடிவு

இலைமலிந்த சருக்கத்தின் அமைப்பை நோக்கின் ஓர் ஒழுங்கு தோன்றும். எறிபத்தர் புராணத்தில் புகழ்ச்சோழர் தம் வாளை நீட்ட, அதனை வாங்கிய எறிபத்தர் தம் கழுத்திற் பூட்டினார். கண்ணப்பர் அம்பினால் தம் கண்ணை அகழ்ந்தார். அரிவாட்டாயர் அரிவாளால் தம் ஊட்டியை அரிந்தார். பிறர்மேற் செல்லுதற்கும் தொழிலுக்கும் அமைந்த கருவிகள் இறைவன் திருமுன் தம்மேலேயே திரும்புகின்றன. இவர்க்கிடையே ஏனாதிநாதர் தம் வாளைத் தம்மேல் திருப்பிலர், பிறர்மேலும் செலுத்திலர், கீழும் போகட்டிலர். அது வெறும் கையில் நின்றது. அவ்வாறு வாளை நிறுத்துதல் மூவகைச் செயலினும் அரிது.

பகைவன் கைவாளாலேயே அவரது பாசத்தை அறுத்து இறைவன் ஆட்கொண்டான் என்று புராணம் முடிகின்றது. வாழ்நாள் முழுதும் வாளைக் கற்பித்தார்க்கு வாளே கருவியாயிற்று. வாள்வீடு ஒழிந்தார்க்கு வீடு எளிதாயிற்று. இனி இவ்வரலாற்றை அவைக்கண் உரைப்பார், நாயனார் வாளை எறிந்தார் எனக் கூறாது, எறியக் கருதி எறியாது நின்றார் எனச் சேக்கிழார் கூறியவாறே கூறுவாராக. அவ்வொரு சொல்லை நீக்கின் எஞ்சுவது வஞ்சகன் ஒருவன் ஏமாற்றிய கதை. அதனை நிறுத்தின் விளங்குவது கொல்வான்பாலும் அருள் சுரந்த திருத்தொண்டு.

ஏனாதிநாத நாயனார் திருவடி வாழ்க.

திருச்சிற்றம்பலம்.